வெடித்த குக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: நுகர்வோர் சட்டம்

இந்த முறை வந்த கடிதங்களில் பொருள் ரிப்பேர் ஆனதைப் பற்றியவை குறைவு. பொருளால் உடம்பில் காயம் பட்டவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள், அதனால் இந்த இதழ் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன். ஆட்களின் பெயரையும் கம்பெனிகளின் பெயரையும் எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: பருப்பு வேகவைக்கும்போது குக்கர் வெடித்து, மூடி பறந்துபோய் சீலிங்கில் அடித்தது. கொதிக்கும் பருப்பு என் அத்தையின் (மாமியார்) முகத்திலும் இரண்டு கைகளிலும் கொட்டிவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோய் இருபது நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். குக்கர் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கடைக்காரர், "பழசைக் கொடுங்க, கம்பெனிக்கு அனுப்பிப் புதுசு வாங்கித் தர்றேன்" என்கிறார். கம்பெனி ஆளோ போனில், "வேற ரப்பர் போட்டிருப்பீங்க, எங்க பொறுப்பு இல்ல" என்று வைத்துவிட்டார். குக்கரை வாங்கியது நான், காயம்பட்டது அத்தை. வழக்குப் போட முடியுமா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும், சகோதரி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று, குக்கரைக் கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரர் நல்ல மனதோடுதான் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், அது கம்பெனிக்குப் போன நிமிடத்தில் உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி எதிராளியின் கைக்குப் போய்விடுகிறது, அதற்கப்புறம் அவர்கள் "பரிசோதித்தோம், குக்கரில் குறையில்லை" என்று ஒரு தாள் எழுதி வைத்தால் அதை மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. பாத்திரம், மூடி, வெயிட், ரப்பர், சேஃப்டி வால்வு என்று கிடைத்த எல்லாத் துண்டுகளையும் கழுவாமல், நிமிர்த்தாமல், அப்படியே ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அடியிலும் கைப்பிடியிலும் இருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் கீழே இருக்கும் லைசென்ஸ் எண், தயாரித்த மாதம் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். சீலிங்கில் மூடி அடித்த இடத்தையும் எடுங்கள். கம்பெனி பார்க்க வேண்டும் என்றால் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் முன்னால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

அந்த லைசென்ஸ் எண்ணை, ஐ.எஸ்.ஐ. முத்திரை கொடுக்கும் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) நடத்தும் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டால் அது உண்மையானதா, யாருக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும். பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ். 2347 என்ற தரம் கட்டாயம், 2021 பிப்ரவரியிலிருந்து அந்த முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. முத்திரை போலி என்றால் உங்கள் வழக்கு இன்னும் பலமாகிறது. முத்திரை உண்மையாக இருந்து பொருள் அந்தத் தரத்தில் இல்லை என்றாலும், அதனால் வந்த காயத்துக்கு லைசென்ஸ் வாங்கியவர் ஈடு கட்ட வேண்டும் என்று 2016-ஆம் வருட பி.ஐ.எஸ். சட்டமும் சொல்கிறது.

இனி சட்டம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் 82 முதல் 87 வரையிலான பிரிவுகள் முழுக்க இதற்காகவே எழுதப்பட்டவை. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, அவர்களே வகுத்த அளவுகளிலிருந்து விலகியது, கொடுத்த உத்தரவாதப்படி இல்லாதது, சரியாகப் பயன்படுத்தும் முறையையோ ஆபத்தையோ போதுமான அளவு எழுதாதது – இந்த ஐந்தில் ஒன்றைக் காட்டினால் தயாரிப்பாளர் பொறுப்பு. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று தனியாக நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில் இல்லை, ஆனால் பொருளில் குறை இருந்தது, அதனால்தான் காயம் வந்தது என்ற இரண்டையும் காட்டித்தான் ஆக வேண்டும், அதனால்தான் குக்கரைப் பத்திரப்படுத்தச் சொல்லி இவ்வளவு நேரம் மன்றாடினேன்.

ரப்பர் விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் எல்லாக் கம்பெனிகளும் முதலில் சொல்லும். நிஜமாகவே வேறு ரப்பரோ வேறு வால்வோ போட்டிருந்தால் மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள், குறுக்கு விசாரணையில் வெளியே வந்தால் மொத்தமும் கெட்டுவிடும். போடவில்லை என்றால் பயப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பருப்பு நுரைத்துப் பொங்கி வெயிட் குழாயின் துளையை அடைப்பது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அப்படி நடந்தால் வெடிக்காமல் காப்பாற்றத்தானே மூடியில் சேஃப்டி வால்வு வைக்கிறார்கள்? உள்ளே சூடு ஏறினால் அதிலுள்ள உலோகம் உருகி ஆவியை வெளியே விட வேண்டும். உங்கள் மூடியில் அது உருகியிருக்கிறதா பாருங்கள். உருகாமல் முழுசாக இருந்து மூடி பறந்திருந்தால், ஏன் உருகவில்லை என்று கம்பெனிதான் சொல்ல வேண்டும். "பருப்பு பாதி அளவுக்கு மேல் போடக்கூடாது" என்று அவர்கள் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள், அதையும் எடுத்துப் படித்து வையுங்கள், அன்று எவ்வளவு போட்டீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். இன்னொன்று, தவறாகப் பயன்படுத்தினால், மாற்றினால் வழக்கு நிற்காது என்று சட்டத்தில் இருக்கும் விதிவிலக்கு விற்பனையாளரைக் குறித்து எழுதப்பட்டது. தயாரிப்பாளர் அதைத் தன் வாதமாக வைக்கலாம், ஆனால் போனில் ஒரு வரி சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

வாங்கியவர் ஒருவர், காயம்பட்டவர் ஒருவர் என்பது தடையே இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் சட்டப்படி நுகர்வோர்தான். அத்தையை முதல் புகார்தாரராகவும் உங்களை இரண்டாவதாகவும் போடுங்கள்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் போட்ட ஏ.ஆர். காப்பியை (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்குங்கள். அதில் "குக்கர் வெடித்து" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அவசரத்தில் "வெந்நீர் கொட்டி" என்று எழுதியிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியிலாவது சரியான காரணம் வரும்படி டாக்டரிடம் கேளுங்கள். போலீஸில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருந்தால் அதுவும் உதவும்.

அப்புறம் வழக்கை எங்கே போடுவது? திண்டுக்கல்லிலேயே. கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம்தான், கேட்கும் நஷ்டஈட்டுத் தொகையை வைத்து இதை முடிவு செய்வதில்லை. அந்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. இரண்டாயிரம் ரூபாய் குக்கருக்காகப் பத்து லட்சம் நஷ்டஈடு கேட்டாலும் ஒரு பைசா கட்ட வேண்டாம்.

குக்கரை ஆய்வுக்கு அனுப்பும்படி ஆணையத்திலேயே மனு போடுங்கள். ஆணையம் வாங்கி, சீல் வைத்து, உரிய ஆய்வகத்துக்கு அனுப்பும். சென்னை தரமணியில் பி.ஐ.எஸ். ஆய்வகமும் இருக்கிறது, மத்திய அரசின் நேஷனல் டெஸ்ட் ஹவுஸும் இருக்கிறது. கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும், ஜெயித்தால் செலவுத் தொகையோடு சேர்த்துக் கேட்கலாம். நீங்களாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டாம், பிரித்த பொருளை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: பில் தொலைந்துவிட்டது. வாரண்டி கார்டில் கடை சீலும் இல்லை. – வாசகர், ஆரணி

பதில்: பில் இல்லை என்பதற்காகவே வழக்கு கெட்டுப்போகாது. ஜி.பே., கார்டு, வங்கிக் கணக்கு வரவு-செலவு, கடையிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்., தவணையில் வாங்கியிருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் தாள், எது கிடைத்தாலும் எடுங்கள். கடையின் பில்லிங் கம்ப்யூட்டரில் உங்கள் போன் நம்பரைப் போட்டால் பழைய பில் வரும், நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே போய் நகல் கேளுங்கள், நோட்டீஸ் போன பிறகு யாரும் தரமாட்டார்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பவர் பேங்க் தலையணைப் பக்கத்தில் வெடித்து என் தம்பிக்குக் காதும் தோளும் வெந்துவிட்டன. விற்றவர் பெயர் ஒன்று இருக்கிறது, முகவரிக்கு அனுப்பிய தபால் திரும்பி வந்துவிட்டது. தளத்தில் கேட்டால் "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே" என்று ஒரே பதில். – வாசகர், திருநெல்வேலி

பதில்: திரும்பி வந்த தபால் உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது ஆவணம். தயாரிப்பாளர் யாரென்றே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் அவரிடம் நோட்டீஸைச் சேர்ப்பிக்க முடியவில்லை என்றால் விற்றவரே தயாரிப்பாளரைப் போலப் பொறுப்பேற்க வேண்டும் என்று 86-ஆம் பிரிவு சொல்கிறது. விற்றவரும் காணவில்லை என்பதுதான் உங்கள் சிக்கல், அங்கேதான் தளத்தை இழுக்க வேண்டும். 2020-ஆம் வருட மின்வணிக விதிகளின்படி விற்பனையாளரின் வணிகப் பெயரையும் முகவரியையும் தளம் காட்டியே ஆக வேண்டும், குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சட்டத்தில் "பொருள் விற்பனையாளர்" என்பதன் விளக்கமும் அகலமானது, விற்பவர் மட்டுமில்லாமல் இறக்குமதி செய்பவர், விநியோகிப்பவர், சந்தைப்படுத்துபவர், வணிகத்துக்காகப் பொருளை மக்களிடம் கொண்டு சேர்ப்பதில் பங்கெடுப்பவர் எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர், விற்றவர், தளம் என்று மூவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். தளத்தைக் கடைசி வரை பொறுப்பாக்க முடியுமா என்பது அவர்கள் அந்த விற்பனையில் என்னென்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது: யாருடைய கிடங்கிலிருந்து வந்தது, யார் பேக் செய்தார்கள், பணம் யாருக்குப் போனது. அதனால் பெட்டி, அதன் மேல் ஒட்டிய லேபிள், ஆர்டர் பக்கத்தின் படம் எல்லாம் தேவை, விற்பனைப் பக்கம் நீக்கப்படுவதற்கு முன் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

பவர் பேங்குக்கு பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம், 'ஆர்' என்ற எழுத்தில் ஆரம்பிக்கும் எண் மேலே அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கும் தெரிவியுங்கள். அங்கே தனிப்பட்ட நஷ்டஈடு வாங்கித் தர மாட்டார்கள், ஆனால் மற்றவர்களுக்கு இதே நடக்காமல் தடுக்க வழி இருக்கிறது. 2022 ஆகஸ்டில் தரக்கட்டுப்பாட்டு ஆணைக்குப் புறம்பான குக்கர்களை விற்கவிட்டதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு 1 லட்சம் அபராதம் விதித்து, விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அபராதம் சிறியதுதான், ஆனால் இடைத்தரகர் என்று சொல்லி ஒதுங்க விடவில்லை.

கேள்வி: வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறேன், அதுதான் பிழைப்பு. கிரைண்டரில் ஷாக் அடித்துக் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. "வியாபாரத்துக்குப் பயன்படுத்தினீங்க, வாரண்டியும் கிடையாது, நீங்க நுகர்வோரே கிடையாது" என்கிறார்கள். – வாசகி, சேலம்

பதில்: அம்மா, வாரண்டி பற்றி அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் அது கிரைண்டரைப் பழுது பார்ப்பதற்கு. உடம்பில் பட்ட காயத்துக்கான பொறுப்பு வேறு. நுகர்வோரே கிடையாது என்பதும் தவறு. சுயதொழில் செய்து வாழ்க்கை நடத்துவதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. புகாரில் அந்த வரியை, "என் ஜீவனத்துக்காக, நானே பயன்படுத்துகிறேன்" என்று தெளிவாக எழுதுங்கள், விடுபட்டால் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

உங்கள் வழக்கில் உண்மையான சண்டை எர்த் பற்றித்தான் வரும். உங்கள் வீட்டு வயரிங்கில் எர்த் இருக்கிறதா, மூன்று பின் பிளக்கை மாற்றி இரண்டு பின் போட்டிருக்கிறீர்களா, பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்தீர்களா என்று கேட்பார்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து வீட்டு எர்த்தைப் பரிசோதித்து எழுத்தில் வாங்குங்கள், கிரைண்டரை மட்டும் திறக்க விடாதீர்கள். முறிந்த கை எத்தனை நாள் வேலையை நிறுத்தியது என்பதற்குக் கணக்கு நோட்டு இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் மாவு வாங்கும் கடைக்காரர்கள் இரண்டு பேரிடம் பிரமாணப் பத்திரம் வாங்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கேள்வி: விபத்தில் காரின் ஏர்பேக் திறக்கவில்லை. "அந்த அளவு வேகத்தில் மோதவில்லை" என்று கம்பெனி சொல்கிறது. இதை நான் எப்படி நிரூபிப்பேன்? – வாசகர், கோவை

பதில்: இதே வாதத்தை ஹூண்டாய் நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. ஒரு கிரெட்டா காரில் 2017-ல் நடந்த விபத்து அது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் இயற்பியல் நிபுணராகக் காரை வாங்குகிறவர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று 2022 ஏப்ரலில் நீதிமன்றம் சொல்லி, கீழ் ஆணையம் கொடுத்த 3 லட்ச ரூபாயையும் வண்டியை மாற்றித் தரும் உத்தரவையும் உறுதி செய்தது. வண்டி நசுங்கிய விதமே பேசும் என்ற அடிப்படையில் வந்த தீர்ப்பு அது, அதனால் முன்பக்கம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரியும் படங்கள், இன்ஷூரன்ஸ் சர்வேயர் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் எடுத்த படங்களாக இருக்கட்டும்.

கேள்வி: சிலிண்டர் மாட்டும்போதே வால்வில் கசிந்து தீப்பிடித்தது, அப்பாவுக்குக் கால் வெந்துவிட்டது. ஏஜென்சியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. – வாசகர், விழுப்புரம்

பதில்: அவர்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது எனக்குக் கோபத்தைத் தருகிறது. எண்ணெய் நிறுவனங்கள் சமையல் எரிவாயு இணைப்புக்காக எடுத்து வைத்திருக்கும் காப்பீடு இருக்கிறது, நாம் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. மரணத்துக்கு ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை (ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம்), பதிவான முகவரியில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. ஏஜென்சிக்கு எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள், வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் ஏஜென்சிக்கும் எண்ணெய் நிறுவனத்தின் வட்டார அலுவலகத்துக்கும் சேர்த்து அனுப்புங்கள். தீயணைப்பு நிலைய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சிலிண்டரை அவர்கள் எடுத்துப் போவதைத் தடுக்க முடியாமல் போகலாம், அப்போது சிலிண்டர் எண்ணைப் படமெடுத்து, போலீஸ் முன்னிலையில் எடுத்ததாக எழுதி வாங்குங்கள். காப்பீட்டுப் பணம் வாங்கினாலும், முழுத் தீர்வு என்று எழுதிக் கொடுக்காத வரை, வால்வில் குறை என்று வழக்குப் போடும் உரிமை அப்படியே இருக்கிறது.

கேள்வி: கம்பெனி 25,000 தருவதாகச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறது. என் மகளுக்குச் சூடுபட்ட தழும்பு கழுத்தில் இருக்கிறது, வயது ஒன்பது. – வாசகி, தஞ்சாவூர்

பதில்: இன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதற்கப்புறம் ஒன்றும் கேட்க முடியாமல் போகும். சமரசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பல குடும்பங்களுக்கு அதுதான் நல்லது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் தழும்பு அவள் வளர வளர இழுக்கும், மறுபடி அறுவை சிகிச்சை வேண்டியிருக்கலாம். பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் இனி என்னென்ன சிகிச்சை, எந்த வயதில், எவ்வளவு செலவு என்று எழுத்தில் வாங்கிய பிறகு தொகையைப் பேசுங்கள். இதுவரை ஆன மருத்துவச் செலவு, போக்குவரத்து, நீங்கள் விடுப்பு எடுத்ததில் போன சம்பளம், இனிமேல் ஆகும் சிகிச்சை, பிள்ளை பட்ட வேதனை என்று தனித்தனியாக எழுதினால்தான் 25,000 எவ்வளவு குறைவு என்பது உங்களுக்கே தெரியும். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும் என்பது நினைவிருக்கட்டும். பேச்சுவார்த்தை என்று இழுத்துக்கொண்டே போய் அந்தக் கெடுவைத் தாண்டவைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். தாண்டினாலும் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் கிடைக்கும் என்று உறுதி கிடையாது.

கேள்வி: மூன்று வருடம் அலைந்து மாவட்ட ஆணையத்தில் ஜெயித்தேன். ஆர்டர் வந்து மாதங்கள் ஆகியும் பணம் வரவில்லை. – வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆய்வகப் பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, நீங்கள் மூன்று வருடம் நின்றிருக்கிறீர்கள், அந்தப் பொறுமைக்கு என் மரியாதை. முதலில் அவர்கள் மாநில ஆணையத்தில் அப்பீல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்கு 45 நாள்தான் அவகாசம், உத்தரவான தொகையில் பாதியைக் கட்டினால்தான் அப்பீலை எடுப்பார்கள். அப்பீல் போட்டுத் தடை உத்தரவும் வாங்கியிருந்தால் காத்திருக்க வேண்டும், தடை இல்லையென்றால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு (இ.பி.) போடுங்கள். 71-ஆம் பிரிவின் கீழ் சிவில் கோர்ட் டிக்ரியைப் போலச் சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கலாம். 72-ஆம் பிரிவின் கீழ், உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறையோ, 25,000-க்குக் குறையாமல் 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இரண்டு மனுவையும் சேர்த்தே போடுங்கள், 72-இல் இயக்குநர்கள் நேரில் வர வேண்டும் என்று நோட்டீஸ் போனால் பெரும்பாலும் அடுத்த வாய்தாவுக்கு டி.டி.யோடு வருவார்கள்.